டைல்ஸில் முகமும் பெயரும்: லேசர் எழுத்தைப் பற்றித் தெரிந்துகொள்வோம்



வெள்ளை டைல்ஸ் ஒன்றில் கறுப்பு நிறத்தில் ஒருவருடைய முகமும் பெயரும் பதித்து, சமாதியில் வைப்பதற்கும் வாசலில் மாட்டுவதற்கும் இப்போது செய்து கொடுக்கிறார்கள். "இது பெயின்டா, ஸ்டிக்கரா, மழையில் போய்விடாதா?" என்று நம்மில் பலர் கேட்கிறார்கள். படித்துவிட்டு வேலை இல்லாமல் இருக்கும் பிள்ளைகளோ, "இந்த மெஷின் வாங்கிச் சுயதொழில் செய்யலாமா?" என்று கேட்கிறார்கள். இரண்டு கேள்விக்கும் சேர்த்தே இம்முறை விளக்கம் தருகிறோம்.

லேசர் என்பது என்ன?

லேசர் என்பது ஒளிதான். டோர்ச் லைட்டின் வெளிச்சம் போகப் போக விரிந்து மங்கிவிடும். லேசர் வெளிச்சம் அப்படிச் சிதறாமல் ஒரே கோடாகப் போகும். அதை ஒரு வில்லையால் ஊசிமுனை அளவுக்குக் குவித்தால் அந்தப் புள்ளியில் கடும் சூடு உண்டாகும். சின்ன வயதில் பூதக்கண்ணாடியை வெயிலில் பிடித்துக் கடதாசியை எரித்திருப்போமே, அதே சங்கதிதான்.

முதல் லேசரை 1960ஆம் ஆண்டு மே 16ஆம் திகதி அமெரிக்காவில் தியடோர் மைமன் என்பவர் இயக்கிக் காட்டினார். 1964இல் இந்தியாவில் பிறந்த குமார் பட்டேல் என்ற விஞ்ஞானி காபனீரொட்சைட்டு வாயுவால் இயங்கும் லேசரைக் கண்டுபிடித்தார். பலகை, தோல் போன்றவற்றை வெட்டும் பெரிய மெஷின்களில் இன்றும் அந்த வகை உண்டு. மேசை மேல் வைக்கக்கூடிய சிறிய மெஷின்களில் பெரும்பாலும் நீல ஒளி தரும் டயோட் லேசர் இருக்கும். கணனியில் உள்ள படத்தைப் பார்த்து மெஷின் தானே அங்கும் இங்கும் ஓடிச் சுட்டுக்கொண்டே போகும்.

இரண்டு வகை வேலை

டைல்ஸின் பளபளப்பான மேற்பரப்பு ஒரு கண்ணாடிப் படை. சிறிய மெஷினின் நீல ஒளியை வெறும் வெள்ளை டைல்ஸில் அடித்தால் அடையாளம் சரியாக விழாது. அதனால்தான் முதலில் ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கிறார்கள். இதில் இரண்டு வகை இருக்கிறது. பார்வைக்கு இரண்டும் அழகுதான், ஆனால் உழைப்பில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

முதல் வகையில் கறுப்போ வேறு நிறமோ அடித்து, லேசரால் பெயின்டைச் சுட்டு நீக்குகிறார்கள். நீங்கிய இடத்தில் டைல்ஸின் வெள்ளை தெரியும். மிச்சப் பெயின்ட் அப்படியே மேலே ஒட்டிக்கொண்டிருக்கும். வழுவழுப்பான கண்ணாடிப் படையில் பெயின்ட் எத்தனை நாளைக்கு நிற்கும்? வெயிலும் மழையும் பட்டால் உரியத் தொடங்கும். இது வீட்டுக்குள் மாட்டத்தான் சரி.

இரண்டாவது வகையில் வெள்ளைப் பெயின்ட் அடிக்கிறார்கள். "வெள்ளையில் வெள்ளையா?" என்று சிரிக்காதீர்கள். சூட்சுமம் அங்கேதான். வெள்ளைப் பெயின்டுக்கு வெண்மை கொடுப்பது டைட்டேனியம் டயொக்சைட் என்ற பொடி. லேசர் சூடு பட்டதும் அந்தப் பொடி கறுத்து, கண்ணாடிப் படையோடு உருகி ஒன்றாகிவிடும். பிறகு தின்னர் போட்டுத் துடைத்தால் சுடாத பெயின்ட் முழுக்கப் போய்விடும். கறுப்புப் படம் மட்டும் டைல்ஸில் நிற்கும். தேய்த்தாலும் கழுவினாலும் போகாது. சமாதிக்கும் வாசலுக்கும் ஏற்றது இதுவே.

வாங்கும்போது கவனியுங்கள். "இது வெள்ளைப் பெயின்ட் போட்டுச் சுட்டதா?" என்று கேளுங்கள். துணியில் தின்னர் நனைத்து ஒரு மூலையைத் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். நிறம் துணியில் ஒட்டினால் வெளியே வைக்க உதவாது. தாய் தகப்பனின் முகத்தைப் பதிக்கக் காசு கொடுக்கிறோம். ஒரு மழைக்காலத்தோடு அது அழிந்துபோனால் மனசு எப்படி நோகும்!

செய்யும் முறை

1. பளபளப்பான வெள்ளை டைல்ஸ் எடுத்து, சவர்க்காரத்தால் கழுவி, எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைக்க வேண்டும்.

2. பெயின்டை மெல்லிசாக, சமமாக அடிக்க வேண்டும். டைட்டேனியம் டயொக்சைட் சேர்ந்த பெயின்டாக இருக்க வேண்டும். திட்டுத் திட்டாக இருந்தால் படமும் திட்டாகத்தான் வரும்.

3. நன்றாகக் காய விட வேண்டும். நம் பக்கத்துப் பனியிலும் ஈரத்திலும் காய்வதற்குக் கூடுதல் நேரம் எடுக்கும். அவசரப்பட்டு ஈரப் பெயின்டில் லேசர் அடித்தால் தீப்பிடிக்கவும் கூடும்.

4. உடைந்த டைல்ஸ் துண்டு ஒன்றில் முதலில் சோதித்து, வேகத்தையும் சக்தியையும் சரி செய்துகொள்ள வேண்டும்.

5. சுட்டு முடிந்து ஆறிய பிறகு தின்னரால் துடைக்க வேண்டும்.

ஒரு விஷயம்: பதிந்ததை அழிக்க முடியாது. பெயரில் ஒரு எழுத்து பிழைத்தாலும் அந்த டைல்ஸ் வீண். அடையாள அட்டையில் உள்ளபடி பெயரையும் திகதியையும் கடதாசியில் எழுதி, வீட்டுக்காரர் சரி பார்த்த பிறகே தொடங்க வேண்டும்.

நேரக் கணக்கும் பாருங்கள். 15 சென்ரிமீற்றர் சதுர டைல்ஸில் முழுப் படம் என்று வைப்போம். கோட்டுக்குக் கோடு 0.1 மில்லிமீற்றர் இடைவெளி விட்டால் 1500 கோடு. மொத்தம் 225 மீற்றர் தூரம் லேசர் ஓட வேண்டும். நிமிடத்துக்கு 1500 மில்லிமீற்றர் வேகத்தில் போனால் 150 நிமிடம், அதாவது இரண்டரை மணித்தியாலம். இடையில் கரண்ட் போனால் வேலை கெட்டுவிடும். "ஒரு நாளைக்கு நூறு டைல்ஸ் செய்யலாம், லட்சம் லட்சமாகச் சம்பாதிக்கலாம்" என்று மெஷின் விற்பவர் சொன்னால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

கண்ணும் மூச்சும் கவனம்

இதைத்தான் நாம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். லேசர் ஒளி நேராகப் பட்டாலும், பளபளப்பில் பட்டுத் தெறித்து வந்தாலும், கண் இமைப்பதற்குள் பார்வையைக் கெடுத்துவிடும். போன பார்வை திரும்பாது. சாதாரணக் கறுப்புக் கண்ணாடி இதற்குக் காவல் இல்லை. அந்த லேசரின் ஒளிக்கென்றே செய்த கண்ணாடி போட வேண்டும். பிள்ளைகள் எட்டிப் பார்க்கக்கூடிய இடத்தில் மெஷினை வைக்கவே கூடாது.

பெயின்ட் சுடும் புகையும் தின்னர் வாடையும் நெஞ்சுக்கு ஆகாதவை. தின்னரும் ஸ்ப்ரே டின்னும் சட்டென்று தீப்பற்றும். அடுப்பு எரிகிற, யன்னல் இல்லாத லயன் அறையில் இந்த வேலை வேண்டவே வேண்டாம். காற்றோட்டமான தனி இடம், புகையை வெளியே இழுக்கும் விசிறி, பக்கத்தில் தீயணைக்கும் கருவி, இவை இருந்தால்தான் தொடங்க வேண்டும். மெஷின் ஓடும்போது அதை விட்டுவிட்டு எங்கும் போகக் கூடாது. பீவீசீ, ரெக்சின் போன்றவற்றை மெஷினில் வைக்கவே கூடாது. அவை சுடும்போது நச்சு வாயு வரும்.

நமக்கு என்ன பயன்?

பல தோட்டங்களில் கடிதங்கள் ஆபீசுக்குக் கட்டாக வருகின்றன. ஒரே பெயரில் நாலு பேர் இருந்தால் யாருடையது என்று தேட வேண்டியதாகிறது. நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி முடிந்த பிறகு கையில் கிடைத்தால் பிள்ளையின் எதிர்காலமே போய்விடுகிறது. வீட்டு இலக்கமும் குடும்பப் பெயரும் அழியாமல் வாசலில் இருந்தால் கடிதம் கொண்டு வருபவருக்கும், அம்புலன்ஸில் வருபவருக்கும் உதவி. ஆனால் டைல்ஸ் மாட்டிவிட்டால் மட்டும் விலாசம் கிடைத்துவிடாது. அந்த இலக்கம் தபாலகமும் கிராம உத்தியோகத்தரும் தோட்ட நிர்வாகமும் ஏற்றுக்கொண்டதாக இருக்க வேண்டும். முதலில் அதை எழுத்தில் பெற்றுக்கொண்டு, பிறகு டைல்ஸில் பதியுங்கள்.

தொழில் செய்ய நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அம்மாவின் தோட்டை அடகு வைத்து உடனே மெஷின் வாங்காதீர்கள். இந்த வேலை நடக்கும் இடத்துக்குப் போய்ச் சில நாள் பாருங்கள், பழகுங்கள். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு மெஷின் வாங்கினால் கடன் பாரமும் பகிர்ந்துபோகும், நட்டம் வந்தாலும் ஒரு வீட்டை மட்டும் அமுக்காது. சமாதி டைல்ஸ், வீட்டு இலக்கம், கோயில் உபயகாரர் பெயர் என்று நம் சுற்று வட்டாரத்தில் எத்தனை பேருக்குத் தேவை என்று முதலில் விசாரித்துப் பாருங்கள்.

தொழில் புதிதாக இருக்கலாம், ஆனால் கடனும் கண்ணும் எப்போதும் நம்முடையவை. அறிந்து தொடங்குவோம்.