கோடையில் கடலை மிட்டாய் பார்சல்: பிசுபிசுக்காமல், சிக்கு வாடை வராமல் அனுப்புவது எப்படி?

கோவில்பட்டியில் வாங்கியபோது 'கடக்'னு உடைஞ்ச கடலை மிட்டாய், சென்னையில் பார்சலைப் பிரிச்சதும் கையில ஒட்டுதா? உடனே கடைக்காரர் மேல கோபப்படாதீங்க. பல நேரம் பாகில் குறை இருக்காது. வழியில் பட்ட சூடும் ஈரமும்தான் காரணம்.

கோவில்பட்டி மிட்டாய் ஏன் ஸ்பெஷல்?

கரிசல் மண்ணில் விளையும் நிலக்கடலை, வெல்லம், தாமிரபரணி தண்ணீர். இந்தக் கூட்டணிக்குத்தான் 2020 ஏப்ரல் 30-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரைக் காப்பாற்றுவதில் பார்சலுக்கும் பங்கு உண்டு.

சூடு என்ன செய்யும்?

வெல்லப்பாகை நன்றாகக் காய்ச்சும்போது அதில் இருக்கும் தண்ணீர் பெருமளவு ஆவியாகிவிடும். அதனால்தான் ஆறியதும் கண்ணாடி மாதிரி இறுகுகிறது. ஆனால், வெல்லம் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும் குணம் கொண்டது. ஈரம் ஏறிய பாகு, குறைந்த சூட்டிலேயே இளகிவிடும். வறண்ட கோவில்பட்டி வெயிலில் தாங்கும் மிட்டாய், கடலோரச் சென்னையில் பிசுபிசுப்பது இதனால்தான்.

இன்னொரு சிக்கல் எண்ணெய். நிலக்கடலையின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய்தான். காற்று, வெளிச்சம், சூடு மூன்றும் சேர்ந்தால் அது சீக்கிரம் கெட்டு, சிக்கு வாடை அடிக்கும்.

ஒயினுக்கும் இதே கதைதான்

வெளிநாடுகளில் ஒயின் பாட்டில் சூடானால், உள்ளே இருக்கும் திரவம் விரிந்து கார்க்கையே வெளியே தள்ளும், சுவையும் மாறிவிடும். அதனால் குளிர்சாதன கன்டெய்னரில் அனுப்புவதும் உண்டு. கடலை மிட்டாய்க்கு அவ்வளவு செலவு தேவையில்லை. காற்றையும் ஈரத்தையும் தடுத்தாலே பாதி வேலை முடிஞ்சுது.

அனுப்பும்போது என்ன செய்யணும்?

* வீட்டில் செய்ததா? முழுசா ஆறிய பிறகே கவரில் போடுங்க. சூட்டோடு மூடினால் ஆவி உள்ளேயே நீராகி, மிட்டாய் நசநசத்துப்போகும்.
* கடையில் வாங்கினால் புதிதாகத் தயாரித்ததைக் கேளுங்க. கவரில் உள்ள தேதியைப் பாருங்க. சீல் பிரிக்காமல் அப்படியே அனுப்புங்க.
* காற்றுப் புகாத, வெளிச்சம் படாத கவர் நல்லது. ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் பட்டர் பேப்பர் வையுங்க.
* அட்டைப்பெட்டியின் உள்பக்கம் நாலு புறமும் செய்தித்தாளைச் சுருட்டி அடைத்தால், வெளிச்சூடு சட்டென்று உள்ளே இறங்காது.
* வாரத் தொடக்கத்தில் அனுப்புங்க. சனிக்கிழமை போட்டால் ஞாயிறு முழுக்க குடோன் சூட்டில் கிடக்க வாய்ப்பு இருக்கு.
* காரில் கொண்டுபோனால் டிக்கியிலோ, வெயில் படும் கண்ணாடி ஓரத்திலோ வைக்காதீங்க.

இளகிய மிட்டாயைச் சாப்பிடலாமா?

லேசாக இளகி, வாசனை மாறாமல் இருந்தால் சாப்பிடலாம். ஃபிரிட்ஜில் வைத்தால் இறுகும். ஆனால் உள்ளே போன ஈரம் அப்படியே இருப்பதால், வெளியே எடுத்ததும் மறுபடி ஒட்டும்.

சிக்கு வாடையோ கசப்போ தெரிந்தால் தூக்கிப் போடுங்க. பூஞ்சை பூத்திருந்தால், அந்த இடத்தை மட்டும் தட்டிவிட்டுக் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. நிலக்கடலையில் வளரும் சில பூஞ்சைகள் 'அஃப்ளாடாக்சின்' என்ற நச்சை உண்டாக்கும். அது கல்லீரலைப் பாதிக்கக்கூடியது.