பீர்க்கங்காய் நாரும் டி.எல்.ஆர்.9-உம்

அம்மாவுக்கு இரண்டு முழங்கையிலும் சொரியாசிஸ். சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப்படை என்பார்கள். எங்கள் காரைக்காலில் தோலில் எது வந்தாலும் முதலில் நிறுத்தச் சொல்வது மீனைத்தான். மத்தி போச்சு, கருவாடு போச்சு. படை மட்டும் போகவில்லை. செதிலை எடுத்துவிட்டால் ஆறிவிடும் என்று குளிக்கும்போது பீர்க்கங்காய் நாரால் தேய்ப்பார். தேய்த்த இடத்துக்குப் பக்கத்தில் புதிதாய்ச் சிவக்கும். டாக்டர் “தேய்க்காதீங்க” என்றார். ஏன் என்று சொல்ல அவருக்கு நேரமில்லை. நான் மென்பொருள் ஆள்தான், ஆனாலும் அந்த ‘ஏன்’ என்னை விடவில்லை.

பிறவியிலேயே நமக்கு இருக்கும் முதல்கட்டக் காவலில் டோல் போன்ற ஏற்பிகள் முக்கியமானவை. பழ ஈயின் ‘டோல்’ மரபணுவை ஒத்திருப்பதால் அந்தப் பெயர். (ஜெர்மனில் ‘டோல்’ என்றால் ‘அட, பிரமாதம்!’) அவற்றில் டி.எல்.ஆர்.9 கிருமிகளின் டி.என்.ஏ.வை அடையாளம் காண்கிறது. ஆனால் டி.என்.ஏ. நம்மிடமும் இருக்கிறதே? அதனால்தான் அந்த ஏற்பி செல்லின் வெளிச்சுவரில் இல்லை, உள்ளே ஒரு சிறு பைக்குள் உட்கார்ந்திருக்கிறது. செத்த செல்களிலிருந்து சிந்தும் நம் டி.என்.ஏ. பெரும்பாலும் அங்கே போய்ச் சேருமுன் சிதைந்துவிடும். என்ன வந்தது என்பதோடு, எங்கே வந்தது என்பதையும் பார்த்து முடிவெடுக்கும் ஏற்பாடு. புரோகிராமர் கண்ணுக்கு அழகான டிசைன்.

ஓட்டை எங்கே என்று 2007-இல் லாண்டே, கிலியெட் குழு ‘நேச்சர்’ இதழில் காட்டியது. தோல் காயம்பட்டால் எல்.எல்.-37 என்ற சின்னப் புரதத்தைச் சுரக்கும். 37 அமினோ அமிலம், கிருமிகளைக் கொல்வது அதன் வேலை. சொரியாசிஸ் தோலில் இது ஏராளம். இது நம் டி.என்.ஏ.வோடு ஒட்டிச் சுருண்டு, சிதையாமல் காத்து, நேரே அந்தப் பைக்குள் கொண்டுபோய் விடுகிறது. காவலாளியே திருடனுக்குக் கதவு திறந்த கதை. டி.எல்.ஆர்.9 கிருமி வந்துவிட்டதென்று இன்டர்ஃபெரானைக் கொட்டுகிறது. டி-செல்கள் கிளம்புகின்றன, ஐ.எல்.-17 பெருகுகிறது, தோல் செல்கள் மாதத்தில் முடிக்கும் பயணத்தைச் சில நாளில் ஓடிச் செதிலாகின்றன. அதோடு இதே மாதிரிப் புரதங்களை இன்னும் சுரக்கின்றன. வெளியேறும் நிபந்தனை எழுதாத லூப்!

மருக்களுக்குப் பூசும் இமிக்விமோட் களிம்பு, உறவுக்கார ஏற்பியான டி.எல்.ஆர்.7-ஐத் தூண்டுவது. அது சிலருக்குச் சொரியாசிஸைக் கிளப்பிவிடுகிறது என்பதும் இதோடு பொருந்துகிறது. 2013-இல் நம் பெங்களூரு பயோகான் கொண்டுவந்த இடோலிசுமாப் லூப்பின் அடுத்த கட்டத்தை, டி-செல்லைப் பிடிக்கிறது.

கீறிய இடத்தில் படை வருவதை 1870-களிலேயே கோப்னர் என்ற ஜெர்மன் மருத்துவர் கவனித்துவிட்டார். ஒவ்வொரு தேய்ப்பிலும் கொஞ்சம் செல் சாகும், கொஞ்சம் டி.என்.ஏ. சிந்தும், எல்.எல்.-37 ஊறும். அதாவது தினமும் காலையில் லூப்பை நாமே ஓடவிட்டுக்கொண்டிருந்தோம். ஒட்டுவாரொட்டியும் இல்லை இது. கல்யாண வீடுகளில் தள்ளி உட்காருகிற சொந்தங்களுக்கு இதையாவது சொல்ல வேண்டும்.

அம்மாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. “தேய்க்கத் தேய்க்கத்தாம்மா வருது” என்றேன். இப்போது நார் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டது. தேங்காயெண்ணெய் தடவி ஊறவைத்து, டாக்டர் தந்த களிம்பு மட்டும். நேற்று, “அப்போ மத்தி வாங்கலாமாடா?” என்று கேட்டார். வாங்கினேன்.