தலையெழுத்தா, தன் விருப்பமா? மறுமை வாழ்வு பற்றி இதெல்லாம் தெரியுமா?

"எல்லாம் அவன் தலையெழுத்து!" சுங்கை பஞ்சாங் முதல் கோலசிலாங்கூர் வரை, எந்தத் தோட்டத்துச் சாவு வீட்டிலும் காதில் விழும் சொல் இது. அதே லயங்களில் வாழ்ந்த கத்தோலிக்கத் தமிழர்களின் நம்பிக்கை என்ன சொல்கிறது தெரியுமா? மோட்சமும் நரகமும் யார் நெற்றியிலும் எழுதப்படவில்லை. மனிதன் தானாகவே தேர்ந்துகொள்கிறான்!

ஓடிப்போனவர் புனிதரானார்!
பெஸ்தாரி ஜெயாவில், அதாவது பழைய பத்தாங் பெர்ஜுந்தையில், வனத்துச் சின்னப்பர் பெயரில் ஓர் ஆலயம் இருக்கிறது. யார் அவர்? 3ஆம் நூற்றாண்டில் ரோமப் பேரரசன் தேசியுஸ் கிறிஸ்தவர்களைக் கொன்று குவித்தபோது, எகிப்தின் பாலைவனத்துக்குத் தப்பி ஓடிய இளைஞர். அவரை விரட்டியது அச்சம். ஆனால் வாழ்நாள் முழுக்க அங்கேயே தவம் இருக்கவைத்தது அவருடைய சொந்த விருப்பம் என்கிறார் அவர் வரலாற்றை எழுதிய புனித ஜெரோம். நெருக்கடி தள்ளிவிட்ட இடத்திலும் மனிதனுக்குத் தேர்வு மிச்சம் இருக்கிறது!

நரகத்தில் இருப்பவர் பட்டியல் உண்டா?
கிடையாது! புனிதர்கள் என்று ஆயிரக்கணக்கானோரை அறிவித்த திருச்சபை, "இன்னார் நரகத்தில் இருக்கிறார்" என்று இதுவரை ஒருவர் பெயரைக்கூட அறிவித்ததில்லை. கடவுள் யாரையும் நரகத்துக்கென்று முன்குறிப்பதில்லை என்கிறது 1992இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல். நரகம் என்பது கடவுளிடமிருந்து தன்னைத்தானே விலக்கிக்கொள்வது!

மூன்றும் சேர வேண்டும்!
அப்படி விலகச் செய்வது சாவான பாவம். ஒரு செயல் சாவான பாவம் ஆவதற்குக் காரியம் கனமானதாக இருக்க வேண்டும், முழு அறிவு வேண்டும், முழு மனச்சம்மதமும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் அது சாவான பாவம் அல்ல!

போப்பாண்டவரே தீர்ப்புச் சொல்லாத வழக்கு!
எல்லாம் கடவுள் அருளால் என்றால் மனித விருப்பத்துக்கு என்ன வேலை? 1588இல் இயேசு சபையின் மோலினா இதைப் பற்றி ஒரு நூல் எழுத, தோமினிக்கன் சபையார் கொதித்தெழுந்தார்கள். ரோமில் ஆண்டுக்கணக்கில் விவாதம் நடந்தது. 1607இல் போப்பாண்டவர் ஐந்தாம் பவுல் என்ன செய்தார் தெரியுமா? இரு தரப்பும் ஒருவரையொருவர் பழிக்கக் கூடாது என்று சொல்லி முடித்துவைத்தார்! அருளும் உண்மை, விருப்பமும் உண்மை. இரண்டும் இணையும் விதம் இன்றும் மறைபொருள்தான்.

தமிழில் எப்போதே பேசியாயிற்று!
பாவசங்கீர்த்தனத்துக்கு மனச்சாட்சியை ஆராய உதவும் தமிழ் நூல் 1580இலேயே கொச்சியில் அச்சாகிவிட்டது! 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் என்னும் ராபர்ட் தெ நோபிலி, மறுபிறவிக் கொள்கையை மறுத்துத் தமிழிலேயே நூல் எழுதினார். கத்தோலிக்க நம்பிக்கையில் வாழ்வு ஒருமுறைதான். அதனால்தான் ஒவ்வொரு முடிவுக்கும் இத்தனை கனம்!

இறந்தவருக்கும் உதவலாம்!
நவம்பர் 2, கல்லறைத் திருநாள். சுமார் 998இல் குளூனி மடத்தின் புனித ஒதிலோ தொடங்கிய வழக்கம் உலகமெங்கும் பரவியது. உத்தரிக்கிற ஸ்தலத்தில், அதாவது மோட்சத்துக்கு முன் தூய்மை பெறும் நிலையில் இருக்கும் ஆன்மாக்கள் மோட்சம் சேர்வது உறுதி. அவர்கள் தூய்மை பெற நம் செபமும் பூசையும் துணை செய்கின்றன!

அஸ்தியைக் கடலில் கரைக்கலாமா?
இந்து உறவினரும் கத்தோலிக்கரும் கலந்து வாழும் நம் குடும்பங்களில் அடிக்கடி எழும் கேள்வி. உயிர்ப்பை மறுக்கும் நோக்கம் இல்லாவிட்டால் தகனம் செய்யலாம் என்று 1963இல் வத்திக்கான் அனுமதித்தது. ஆனால் அஸ்தியைக் கடலிலோ ஆற்றிலோ கரைக்கக் கூடாது என்று 2016இல் தெளிவாக்கியது. உடலும் உயிர்த்தெழும் அல்லவா!

அடைத்த கதவு திறந்தது!
மனமறிந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களுக்குத் திருச்சபை அடக்கச் சடங்கை மறுத்தது 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம். 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை! கடும் மனநோயும் தாங்க முடியாத வேதனையும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்கிறது மறைக்கல்வி நூல். அவர்களுடைய மீட்பில் நம்பிக்கை இழக்காதீர்கள், செபியுங்கள் என்றும் சொல்கிறது.

ஆகவே, அடுத்த முறை சாவு வீட்டில் "தலையெழுத்து" என்று சொல்ல வாயெடுத்தால் சற்றே நிறுத்துங்கள். போனவருக்காக ஒரு செபம் சொல்லுங்கள். பேசாமல் விட்ட உறவோடு இன்றே பேசிவிடுங்கள். இரண்டுமே நம் விருப்பத்தில்தான் இருக்கின்றன!