வில்லுக்கு வைத்தியம்

கையால் இழைத்த மரவில்லிலே சிறு கீறலொன்றைக் கண்டதும், இனி இது விறகுக்கே உதவும் என்று மூலையிற் சாத்திவிடுவோர் பலர். அத்துணை அவசரம் வேண்டியதில்லை. அதற்காக அசட்டையும் ஆகாது. நாணை இழுத்த நிலையில் முறியும் வில், எய்பவனுடைய முகத்துக்கு அருகிலேயே முறிகின்றது என்பதை நாம் மறத்தலாகாது.

இங்கிலாந்தில் நெடுவில் போர்க்கருவியாக விளங்கிய காலத்தில் வில்லை எளிதில் எறிந்துவிட முடியவில்லை. அதற்கேற்ற நல்ல யூ மரம் அங்கே போதிய அளவு கிடைக்கவில்லை. சரக்கேற்றி வரும் வணிகக் கப்பல்கள் தொன் ஒன்றுக்கு நான்கு வில்மரங்கள் கொண்டுவரவேண்டுமென 1472ஆம் ஆண்டுச் சட்டமொன்று விதித்ததென்றால், அருமை விளங்குமன்றோ?

யூ மரத்தின் புறத்தேயுள்ள வெள்ளை இழுவையைத் தாங்கும்; உள்ளேயுள்ள வைரம் நெருக்குதலைத் தாங்கும். ஆதலின், வெள்ளை இலக்கை நோக்கவும், வைரம் வில்லாளியை நோக்கவும் வில்லை இழைப்பர். முன்னதை வில்லின் முதுகென்றும் பின்னதை வயிறென்றும் கூறுவர்.

வயிற்றில் மரநார் நசுங்கினால் மெல்லிய குறுக்கு ரேகைகள் தோன்றும். கவனியாது விட்டால் அவை புற்றுப்போலப் பரவும். இதற்கு மருந்து கூறியவர் ரொஜர் அஸ்காம். பிற்காலத்தில் அரசியாக விளங்கிய எலிசபெத்துக்கு ஆசிரியராயிருந்த இவர், 'டொக்ஸொபிலஸ்' என்னும் வில்வித்தை நூலை 1545இல் வெளியிட்டார். நோயுற்ற இடத்தைத் தொடாது, அதனைச் சூழ்ந்த இடங்களைச் சிறிதே சுரண்டி மெலிவிக்க வேண்டும் என்பது அவர் கூறும் முறை. மெலிந்த இடத்துக்குத் துணைசெய்யாது அயலையும் மெலிவிப்பதா என நாம் வியக்கலாம். அயலிடங்கள் விறைத்து நிற்பதனாலேயே வளைவு முழுவதும் ஓரிடத்திற் குவிந்து அங்கே மரம் நசுங்குகின்றது. அவையும் வளைந்தால் பாரம் பங்கிடப்படும். வில்லின் வலு சில இறாத்தல் குறையும். ஆனால் வில் பிழைக்கும்.

முதுகின் நோய் பொல்லாதது. நீளவாட்டில், நாரை ஒட்டியே ஓடும் வெடிப்பு பெரும்பாலும் மரம் உலர்ந்ததால் வந்தது. பசையூட்டி, நூலால் நெருக்கமாகச் சுற்றினாற் போதும். சிம்பு கிளம்பியிருந்தாலும், உடனே கண்டால் அவ்வாறே ஒட்டி அடக்கலாம். நாரைக் குறுக்கே அறுத்துக்கொண்டு செல்லும் வெடிப்பாயின், அந்தக் கணமே நாணைக் கழற்றிவிட வேண்டும். அதன்மேல் நூலைச் சுற்றி மறைத்தல் வைத்தியமன்று, ஏமாற்றே.

அத்தகைய வெடிப்பு நுனிக்கு அண்மையில் இருந்தால் மட்டும் ஒரு வழியுண்டு. இரு நுனிகளையும் சமமாகத் தறித்துப் புதிய நாண்வெட்டுகள் அமைக்கலாம். குறுகிய வில் முன்னிலும் விறைக்கும். அதனை முன்போல முழுதும் இழுத்தலாகாது. வயிற்றை மீண்டும் சற்றே இழைத்து, நாளுக்குச் சிறிதாக இழுத்து, இரு கரங்களும் ஒத்து வளைகின்றனவா எனப் பார்த்துக்கொண்டால், தந்தை எய்த வில் கை நீளாத மகனுக்குப் பொருந்தும்.