பிளாஸ்டிக் உதிரி உறுப்புகள்: எதற்கு எது ஏற்றது?

கைத்தெளிப்பானின் மூடி, நாசில், விசைப்பிடி, சொட்டு நீர்ப் பாசன இணைப்பான்கள் எனப் பண்ணையில் புழங்கும் சிறு உறுப்புகள் பலவும் பிளாஸ்டிக்கால் ஆனவை. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் இவை குணத்தில் வேறானவை. பொருந்தாத பிளாஸ்டிக்கால் ஆன உறுப்பைத் தெளிப்பானில் பூட்டினால், அது விரிந்து, தெளிப்பவரின் முதுகிலும் கையிலும் நஞ்சு வழியும்.

செய்யும் முறை

இவை இன்ஜக்‌ஷன் மோல்டிங் எனப்படும் உட்செலுத்து வார்ப்பு முறையில் தயாராகின்றன. பிளாஸ்டிக் குருணையைச் சூடான உருளையில் உருக்கி, திருகுத் தண்டினால் மிகுந்த அழுத்தத்துடன் எஃகு அச்சுக்குள் செலுத்துகின்றனர். குளிர்ந்து இறுகியதும் அச்சைத் திறந்து எடுக்கின்றனர். துளையைச் சுற்றி இரு பக்கமாக ஓடும் குழம்பு மீண்டும் சேருமிடத்தில் மெல்லிய கோடு விழுவதுண்டு. அந்த இடம் வலுக் குறைந்தது. நைலான் குருணையை நன்கு உலர்த்தாமல் வார்த்தால், மேற்பரப்பில் வெள்ளிக் கீற்றுகள் தோன்றும். அவ்வுறுப்பு எளிதில் நொறுங்கும்.

நான்கு வகைகள்

பாலிப்ரொப்பிலீன்: நீரை உறிஞ்சாது, நீர்த்த அமிலத்தையும் உரக் கரைசலையும் தாங்கும். வெயில் தாங்கும் பொருள் சேர்க்காவிடில் வெயிலில் நொறுங்கும்.

நைலான்: வலுவானது, தேய்மானம் குறைவு. ஆனால் நீரை உறிஞ்சி உப்பும். அமிலம் ஆகாது.

அசிட்டால்: நீரில் அளவு அதிகம் மாறாது, அசையும் சிறு உறுப்புகளுக்கு ஏற்றது. வீரிய அமிலமும் குளோரினும் அரிக்கும்.

ஏ.பி.எஸ்.: பளபளப்பும் உறுதியும் உள்ளது. ஆனால் நீரில் கலந்தால் பால்போல் வெளுக்கும் இ.சி. வகை மருந்துகளிலுள்ள கரைப்பான் பட்டால் விரிசல் காணும்.

எளிய சோதனை

மருந்து படாத புதிய உறுப்பை நீரில் முழுக அழுத்தி, காற்றுக் குமிழிகளை நீக்கிவிட வேண்டும். பிறகு மிதந்தால் அது பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலித்தீன். நைலான், அசிட்டால், ஏ.பி.எஸ்., பி.வி.சி. ஆகியவை மூழ்கும். கண்ணாடி இழை கலந்த பாலிப்ரொப்பிலீனும் மூழ்கக்கூடும். ஆகவே மூழ்கும் உறுப்பு எவ்வகை என்பதைக் கடைக்காரரிடம் கேட்டறிதல் நலம்.

கவனிக்க வேண்டியவை

* சொட்டுவான்களில் படிந்த உப்பை நீக்க அமிலம் செலுத்தும்போது, அது செல்லும் வழியில் நைலான், அசிட்டால் உறுப்புகள் இருத்தல் கூடாது.

* அமிலத்தைத்தான் நீரில் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். அமிலத்தில் நீரை ஊற்றலாகாது.

* தெளித்து முடிந்ததும் தெளிப்பானை நீர் விட்டுக் கழுவி, நிழலில் வைக்க வேண்டும்.

* தெளிக்கும் முன் வெறும் நீரை நிரப்பி அழுத்தம் கொடுத்து, மூடியிலும் துளைகளின் ஓரத்திலும் கசிவு உண்டா எனப் பார்க்க வேண்டும்.

* விரிசல் கண்ட உறுப்பைத் துணி சுற்றியோ, சூடு வைத்து ஒட்டியோ பயன்படுத்தக் கூடாது. உடனே மாற்ற வேண்டும்.

உறுப்பின் விலை சிறிது. அது உடைந்து மேலே வழியும் நஞ்சினால் வரும் கேடு பெரிது. எனவே உழவர் பெருமக்கள் உதிரி உறுப்பு வாங்கும்போது அளவைப் பார்ப்பதோடு, அது எந்தப் பிளாஸ்டிக் என்பதையும் கேட்டு வாங்குவார்களாக.