கீறல் விழுந்த கித்தார்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

பழைய புத்தகக் கடைக்குச் சென்றால் நாம் என்ன செய்கிறோம்? அட்டை கிழிந்திருப்பதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. உள்ளே பக்கங்கள் எல்லாம் இருக்கின்றனவா என்றுதான் புரட்டிப் பார்க்கிறோம். ஆனால் பழைய மின்கித்தார் வாங்கச் செல்பவர்களில் பலர் அட்டையை மட்டும் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்து விடுகிறார்கள். சென்ற ஆண்டு என் அண்ணனும் அப்படித்தான் செய்ய இருந்தார்.

இரண்டு ஆண்டுகள் மாலை வேளையில் சிறுவர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து அண்ணன் சேர்த்த பணம் அது. அப்பாவும் நானும் அவருடன் சென்றிருந்தோம். கடையில் இரண்டு கித்தார்கள் இருந்தன. ஒன்று செர்ரிப்பழச் சிவப்பு. முகம் பார்க்கலாம் போன்ற பளபளப்பு. மற்றொன்று பழுப்பு நிறம். முதுகெல்லாம் கீறல், ஓரங்களில் வண்ணம் பெயர்ந்து மரம் தெரிந்தது. விலை ஏறக்குறைய ஒன்றுதான். எங்கள் மூவரின் கையும் சிவப்பின் மேல்தான் சென்றது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

அப்பாவின் நண்பர் ஒருவர், ஆலயப் பாடற்குழுவில் பல ஆண்டுகளாகக் கித்தார் வாசிப்பவர், சற்றுத் தாமதமாக வந்து சேர்ந்தார். மாமா என்று நாங்கள் அழைப்போம். அவர் சிவப்புக் கித்தாரின் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பி, தலையும் கழுத்தும் சேரும் இடத்தை வெளிச்சத்தில் சாய்த்து, நகத்தால் மெல்லத் தடவினார். “இங்கே ஒரு முறை ஒடிந்திருக்கிறது தம்பி. ஒட்டி, மேலே புதிதாகச் சாயம் அடித்திருக்கிறார்கள்” என்றார். கடைக்காரர் ஒன்றும் பேசவில்லை. நன்றாக ஒட்டப்பட்ட ஒடிவு பல்லாண்டு தாங்கும் என்பதையும் மாமா பின்னர் சொன்னார். ஆனால் அதை வாங்குபவரிடம் சொல்லி, விலையையும் குறைக்க வேண்டும் அல்லவா?

நாங்கள் பழுப்புக் கித்தாருடன் வீடு திரும்பினோம். அதன் பிறகு மாமாவை நான் கேட்ட கேள்விகளுக்கு அளவில்லை.

முதற் கேள்வி: இவ்வளவு கீறல் இருந்தால் ஒலி கெடாதா? சாதாரணக் கித்தாரில் மேற்பலகை அதிர்ந்துதான் ஒலி பிறக்கிறது. அதில் வெடிப்பு விழுந்தால் கவலைப்பட வேண்டியதே. மின்கித்தாரின் கதை வேறு. அதன் உடல் பெரும்பாலும் கெட்டி மரம். எஃகுக் கம்பிகளுக்குக் கீழே ‘பிக்கப்’ என்னும் உறுப்பு இருக்கிறது. காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பியுமே அது. எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. சுருளில் மின்னோட்டம் தோன்றுகிறது. 1831-ஆம் ஆண்டு மைக்கேல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது. விஞ்ஞான வகுப்பில் காந்தத்தைச் சுருளுக்குள் நுழைத்து முள் அசைவதைப் பார்த்தோமே, அதுவேதான். ஆகையால் முதுகில் பெல்ட்டின் கொக்கி உரசிய தழும்போ, முழங்கை பட்டு மங்கிய வண்ணமோ அந்த மின்னோட்டத்தைத் தொடுவதில்லை.

வண்ணத்திலும் வகை உண்டு. பழைய அமெரிக்கக் கித்தார்களில் நைட்ரோசெல்லுலோஸ் என்னும் மெல்லிய பூச்சு அடிப்பார்கள். குளிரிலிருந்து திடீரென்று வெப்பத்திற்கு வந்தால் அதில் சிலந்தி வலை போன்ற கோடுகள் விழும். வெள்ளை நிறம் நாளடைவில் வெண்ணெய் நிறமாகும். இவை மூப்பின் அடையாளமேயன்றி நோயல்ல. பிற்காலத்தில் வந்த பாலியெஸ்டர் பூச்சு தடிமனானது. இடித்தால் கண்ணாடிச் சில்லுப் போலப் பெயரும். இதுவும் பார்வைக்குத்தான் குறை.

ஆனால் கோடு வண்ணத்தில் இருக்கிறதா, மரத்திலேயே இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். கழுத்தை உடலோடு திருகாணியால் பிணைத்த இடத்தின் ஓரத்தில் தெரியும் சிறு கோடு பெரும்பாலும் வண்ணத்தோடு நின்றுவிடும். கழுத்தின் பின்புறம், தலைக்குச் சற்றுக் கீழே தெரியும் கோட்டை மட்டும் நம்பக்கூடாது. கித்தார் கீழே விழுந்தால் முதலில் ஒடியும் இடம் அதுதான். அந்த ஓரிடத்தில் மட்டும் புத்தம் புதிய சாயம் இருந்தால் இன்னும் சந்தேகப்பட வேண்டும்!

அழகுக் குறை போலத் தோன்றி ஏமாற்றுபவையும் உண்டு. விரற்பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளைப் ‘பிரெட்’ என்பார்கள். கம்பி அழுந்தி அழுந்தி அவற்றில் பள்ளம் விழும். கண்ணுக்குச் சிறியதே, ஆனால் கம்பி ‘ஙொய்’ என்று இரையும். இலேசான பள்ளத்தை அராவிச் சமன் செய்யலாம். ஆழமானால் பிரெட்டுகளையே மாற்ற வேண்டும், அதற்கு நல்ல செலவாகும். பாலத்தில் உள்ள சிறு திருகாணிகள் வியர்வைபட்டுத் துருப்பிடித்து இறுகிவிட்டால் கம்பியின் உயரத்தை மாற்ற இயலாது. ஆகவே அவை திரும்புகின்றனவா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

கழுத்து நேராக இருக்கிறதா என்று அறிய மாமா ஒரு வழி காட்டினார். தடித்த கம்பியை முதற் பிரெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் இடத்திலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடிக்க வேண்டும். நடுவில் ஏழாம், எட்டாம் பிரெட்டுக்கு மேல் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவே இடைவெளி இருப்பது நல்லது. அதிகமானால் உள்ளே உள்ள எஃகுத் தண்டைத் திருகி ஓரளவு சரி செய்யலாம். ஆனால் முறுக்கிக்கொண்ட கழுத்தை அந்தத் தண்டு திருத்தாது. ஒலித் திருகுகளைத் திருப்பும்போது வரும் கரகரப்பு பெரும்பாலும் தூசியால் வருவது, அஞ்ச வேண்டாம்.

இங்கே ஓர் அயர்லாந்துக்காரரைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். ரோரி கலாகர் என்னும் சிறுவர் 1963-ஆம் ஆண்டு கார்க் நகரக் கடை ஒன்றில் 100 பவுண்டு விலையில் ஒரு பழைய மின்கித்தாரை வாங்கினார். அது 1961-இல் செய்யப்பட்ட பெண்டர் ஸ்டிராட்டோகாஸ்டர். நடுவில் மஞ்சளும் விளிம்பில் கருமையுமான வண்ணம். அப்போது அவருக்கு வயது பதினைந்து (என் வயதேதான்!). பின்னர் அது ஒரு முறை திருடு போய், மழையில் நனைந்தபடி ஒரு பள்ளத்தில் கிடைத்தது. ஆண்டுக்கணக்கான வியர்வையில் வண்ணத்தின் பெரும்பகுதி போய் வெறும் மரம் தெரிந்தது. தேய்ந்த பிரெட்டுகளையும் டியூனிங் சாவிகளையும் அவர் மாற்றினார். வண்ணத்தை மட்டும் புதுப்பிக்கவே இல்லை. 1995-இல் அவர் மறைந்தார். 2024-இல் லண்டனில் நடந்த ஏலத்தில் அந்தக் கித்தார் 8 லட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோயிற்று. அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்திற்கு வழங்குவதற்காக அதை வாங்கினார்கள்.

இன்னொரு வேடிக்கை. 1995 முதல் பெண்டர் நிறுவனமே புதுக் கித்தார்களைத் தேய்த்து, கீறி, பழையவை போல ஆக்கி விற்று வருகிறது, விலையும் அதிகம். இதை நான் சொன்னபோது அம்மா நம்பவில்லை. “புதுக் குடத்தை நசுக்கிக் கூடுதல் விலைக்கு விற்பார்களா?” என்று கேட்டார்கள்.

அதே அம்மாதான் எங்கள் பழுப்புக் கித்தாருக்குச் சாயம் அடித்தால் என்ன என்று யோசனை கூறியவர்கள். மாமா வேண்டாம் என்று தடுத்துவிட்டார். அரிய பழங்கித்தாருக்கு மறுசாயம் அடித்தால் மதிப்பு பாதியாகக் குறைவதும் உண்டாம். எங்களுடையது அரியதல்ல, ஆயினும் அடுத்து வாங்குபவர் சாயத்துக்கு அடியில் என்ன இருக்கிறதோ என்று ஐயப்படுவார் அல்லவா? விற்பவர் கீறலைச் சொல்லி வெட்கப்படுவதால், வாங்குபவர் விலையைக் குறைத்துக் கேட்கலாம். அப்பா கேட்டார், கொஞ்சம் குறைந்தது.

அந்தக் கித்தாரின் மூன்றாம் பிரெட்டில் ஒரு பள்ளம் இருக்கிறது. இன்னும் இரண்டு ஆண்டு தாங்கும் என்று மாமா கணக்கிட்டிருக்கிறார். அண்ணன் மறுபடியும் மாலை நேரத்தில் கணக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்.