கோடு மறைந்தது, நீர் கட்டியது

“ராத்திரி சரியாத் தூங்கலையா?” “அழுதீங்களா என்ன?” “எதுக்கும் ஒரு கிட்னி டெஸ்ட் எடுத்துப் பாருங்களேன்.”

உப்பிய கண்களோடு யாராவது எதிரே வந்தால், இந்த மூன்றில் ஒன்றைக் கேட்காமல் நம் ஊரில் விடமாட்டார்கள். கண்ணோரச் சுருக்கம் போக ஊசி போட்டுக்கொண்டு, வயதில் ஐந்தாறு குறைந்த நினைப்போடு அலுவலகத்துக்குள் நுழைகிறவரிடம் இதைக் கேட்டால் அவர் மனம் என்ன பாடுபடும்? போடாக்ஸ் போட்டுக்கொள்கிற எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. ஆனவர்களுக்கோ அது பெரிய புதிர். காசு கொடுத்த வேலை நடந்திருக்கிறது, கோடுகளைக் காணோம். ஆனால் அதற்கு ஒரு விரற்கடை கீழே, முன்பு இல்லாத ஒரு பை தொங்குகிறது.

தோலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் இந்தப் புதிர் அவிழாது. தோலுக்கு அடியில் இருக்கும் தசையைப் பார்க்க வேண்டும்.

இரண்டு இமைகளையும் சுற்றி வளையமாக ஓடுகிறது ஒரு மெல்லிய தசை. ஆர்பிகுலாரிஸ் ஆக்குலி என்பது அதன் மருத்துவப் பெயர். கண்ணை மூடுவதும் சிமிட்டுவதும் அதன் தொழில். மனம்விட்டுச் சிரிக்கும்போது கண் இடுங்குகிறதே, அதுவும் இதே தசைதான். முகத் தசைகளை மின்சாரத்தால் தூண்டி ஆராய்ந்த பிரெஞ்சு மருத்துவர் துஷேன், வாயால் மட்டும் சிரிக்கிற சிரிப்பையும் உள்ளிருந்து வருகிற சிரிப்பையும் இந்தத் தசையை வைத்தே பிரித்துச் சொன்னார். 1862-ல் அவர் எழுதிய புத்தகத்தில் அது இருக்கிறது. வருடக்கணக்காக அப்படிச் சிரித்ததில் விழுந்த மடிப்புகளைத்தான் இன்று ‘காக்கைக் கால்’ என்று சொல்லி ஊசியால் அழிக்கிறோம்.

சிரிப்பதும் சிமிட்டுவதும் மட்டுமாக இருந்தால் பிரச்சினை இல்லை. அந்தத் தசை சத்தமில்லாமல் இன்னொரு வேலையும் பார்க்கிறது. அது தண்ணீர் இறைக்கிற வேலை.

உடம்பிலேயே மிக மெல்லிய தோல் இமையில் இருப்பது. அதற்கு அடியிலுள்ள திசு நெகிழ்வானது, கொஞ்சம் நீர் கசிந்தாலும் தேங்கி நிற்கும். அப்படிக் கசிவதை நிணநீர்க் குழாய்கள் வாங்கிக்கொண்டு போக வேண்டும். ரத்தத்துக்கு இதயம் இருப்பதுபோல நிணநீருக்குத் தனியாக ஒரு பெரிய பம்பு கிடையாது. பக்கத்துத் தசைகள் சுருங்கி விரிவதும் சேர்ந்துதான் அதைத் தள்ளிவிடுகிறது. கண்ணைப் பொறுத்தவரை அந்த ஏற்றக்காரன் இந்த வளையத் தசை. நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து முறை சிமிட்டும்போதெல்லாம் ஒரு சொட்டு நகர்கிறது. கண்ணீரை மூக்குப் பக்கம் இழுத்து வடியவிடுவதும் இதே சிமிட்டல்தான்.

இப்போது ஊசிக்கு வருவோம். நரம்பு முனையிலிருந்து அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளிவந்தால்தான் தசை சுருங்கும். அதை வெளியே அனுப்புகிற இயந்திரத்தில் ‘ஸ்னாப்-25’ என்று ஒரு புரதம் உண்டு. போடாக்ஸில் இருக்கும் போட்டுலினம் நச்சு அந்தப் புரதத்தைக் கத்தரித்துவிடுகிறது. கட்டளை வராமல் தசை ஓய்ந்துபோகிறது. கோடு மறைவது அதனால்தான். இறைப்பு குறைவதும் அதனால்தான். இரவெல்லாம் படுத்திருக்கும்போது முகத்தில் சேருகிற நீர் காலையில் வடிய நேரமாகிறது. முந்தின இரவு ஊறுகாயும் அப்பளமுமாகச் சாப்பிட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். இந்த வகை வீக்கம் விடியற்காலையில் அதிகமாக இருந்து, பகல் ஏற ஏறக் குறையும்.

இந்தத் தசைக்கு அரைக்கச்சை போல இன்னொரு பயனும் உண்டு. கண் உருண்டைக்கு மெத்தையாகச் சுற்றிலும் கொழுப்பு இருக்கிறது. அதை மறித்து நிற்கும் சவ்வு வயதாக ஆகத் தளர்ந்துவிடும். பிறகு கொழுப்பு வெளியே பிதுங்காமல் பிடித்துவைத்திருப்பது பெரும்பாலும் இந்தத் தசையின் இறுக்கம்தான். பெல்ட்டைக் கழற்றியதும் தொப்பை முன்னால் வருமே, அதே கதைதான். ஊசி அந்தப் பையைப் புதிதாக உண்டாக்கவில்லை, ஏற்கெனவே இருந்ததை வெளியே விட்டுவிட்டது. இது காலை மாலை வித்தியாசம் இல்லாமல் ஒரே மாதிரி நிற்கும்.

நெற்றியில் போட்ட ஊசியாலும் கண் வீங்கியதுபோலத் தெரியலாம். புருவத்தை மேலே தூக்கிப் பிடிக்க நமக்கு இருப்பது நெற்றித் தசை ஒன்றுதான். மேல் இமைத் தோல் தளர்ந்த சிலர் தங்களை அறியாமலே நாள் முழுக்க நெற்றியைச் சுருக்கிக் கண்ணைத் திறந்துவைத்திருப்பார்கள். அவர்கள் நெற்றிக் கோடுகளை நீக்கினால் புருவம் இறங்கி, தோல் மடிந்து கண்மேல் உட்காரும். கண்ணாடியில் அது வீக்கமாகத்தான் படும், உள்ளே ஒரு சொட்டு நீர்கூடக் கட்டியிருக்காது.

இத்தனைக்கும் இந்த மருந்து பிறந்ததே கண் மருத்துவரின் கையில் என்பது வேடிக்கை. கெட்டுப்போன தொத்திறைச்சியைத் தின்று ஜெர்மனியில் மக்கள் செத்தபோது, அந்த நஞ்சைப் பற்றி 1820-களின் தொடக்கத்தில் விரிவாக எழுதியவர் யுஸ்டினுஸ் கெர்னர். மருத்துவர், கவிஞரும்கூட. தொத்திறைச்சிக்கான லத்தீன் சொல்லிலிருந்துதான் போட்டுலினம் என்ற பெயரே வந்தது. அந்த நஞ்சை நுண்ணிய அளவில் மாறுகண்ணுக்கு மருந்தாக்கியவர் சான் பிரான்சிஸ்கோ கண் மருத்துவர் ஆலன் ஸ்காட். அவர் வைத்த பெயர் ‘ஆக்குலினம்’, பெயரிலேயே கண் இருந்தது. மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்பு நோய்க்கும் 1989-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதை அனுமதித்தது. ‘போடாக்ஸ்’ என்ற பெயர் அதற்குப் பிறகு வந்தது.

சுருக்கத்துக்கும் போடலாம் என்ற எண்ணமும் கண் நோயாளி ஒருவரிடமிருந்துதான் வந்தது. கனடாவின் வான்கூவரில் ஜீன் கரதர்ஸ் என்ற கண் மருத்துவரிடம் இமைத் துடிப்புக்கு ஊசி போட்டுவந்த ஒரு பெண், இந்தத் தடவை புருவ நடுவில் ஏன் போடவில்லை என்று 1987-ல் குறைப்பட்டுக்கொண்டார். அங்கே போட்டால் முகமே தெளிந்துவிடுகிறதாம். தோல் மருத்துவரான கணவர் அலஸ்டேரிடம் ஜீன் இதைச் சொல்ல, இருவரும் சேர்ந்து 1992-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் புருவ நடுக் கோடுகளுக்கு 2002-லும், கண்ணோரக் கோடுகளுக்கு 2013-லும், நெற்றிக்கு 2017-லும் அனுமதி கிடைத்தது.

இந்தப் பக்கவிளைவு ஒளித்துவைத்த ரகசியம் ஒன்றும் இல்லை. கண்ணோரக் கோடுகளுக்கான சோதனைகளில் இமை வீக்கம் 1 சதவீதம் பேருக்கு வந்ததாக மருந்தோடு வரும் குறிப்பிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அது ஒரு பக்கத்துக்கு மூன்று இடங்களில், மொத்தம் 24 யூனிட் போட்ட கணக்கு. கண்ணுக்கு நேர் கீழே உள்ள மெல்லிய கோடுகள் அந்த அனுமதிப் பட்டியலில் இல்லை. ஆனாலும் கேட்டால் போடுகிறவர்கள் உண்டு. இறைக்கிற தசைக்கு மிக நெருக்கமான இடமே அதுதான்.

நல்ல மருத்துவர் சிரிஞ்சை எடுப்பதற்கு முன் இரண்டு காரியம் செய்து பார்ப்பார். கீழ் இமையை விரலால் மெல்ல இழுத்து விடுவார். ரப்பர் போலச் சட்டென்று திரும்பினால் சரி, ஆற அமரத் திரும்பினால் இமை தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு கண்ணை இறுக்கி மூடச் சொல்வார். அப்போது கண்ணடிப் பை சுருங்கினால், அதைப் பிடித்துவைத்திருப்பது அந்தத் தசைதான், அதை ஓயவைக்கக் கூடாது. காலையில் கண் உப்புமா என்ற ஒரு கேள்வியையும் கேட்டுவிட்டால் பாதிச் சங்கடம் வராது. சலுகை விலையில் பத்து நிமிடத்தில் முடித்து அனுப்புகிற இடத்தில் இதற்கெல்லாம் நேரம் எங்கே?

வீக்கம் வந்துவிட்டவர் முதலில் நாளை எண்ண வேண்டும். ஊசி குத்திய தடிப்பும் கன்றலும் அன்றே தெரியும், சில நாளில் அடங்கும். அரிப்பும் தடிப்புமாகச் சிவந்து வீங்கினால் ஒவ்வாமையாக இருக்கலாம். நீர் கட்டும் வீக்கம் மருந்து பிடித்த பிறகுதான், ஒரு வாரம் பத்து நாள் கழித்து, மெல்லத் தலைகாட்டும். ஒரு பக்க இமை மட்டும் சரிந்து கண்ணை மறைத்தால் அது வேறு சங்கதி, இமை தூக்கும் தசைக்கு மருந்து பரவியிருக்கிறது. அதற்கு அப்ராக்ளோனிடின் என்ற சொட்டு மருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உயர்த்திக் கொடுக்கும். கண்ணடிக் குழியில் ஃபில்லர் என்ற ஜெல்லை நிரப்பியவர்களுக்கு வரும் உப்பலையும் போடாக்ஸ் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அந்த ஜெல் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும் குணம் உள்ளது, அதைக் கரைக்க ஹயலுரோனிடேஸ் என்ற நொதி இருக்கிறது.

போடாக்ஸைக் கரைக்க அப்படி எதுவும் கிடையாது. நரம்புக்குள் போனது போனதுதான். தலையணையை உயர்த்திப் படுப்பது, உப்பைக் குறைப்பது, குளிர்ந்த துணி ஒற்றுவது எல்லாம் காத்திருக்கும் நாட்களைக் கொஞ்சம் சுலபமாக்கும், அவ்வளவுதான். விழுங்கச் சிரமம், பேச்சுக் குழறல், மூச்சுத் திணறல், இரட்டைப் பார்வை இவற்றில் ஏதாவது வந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது, நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். நச்சு தூரத்துக்குப் பரவினால் இப்படி நேரலாம் என்று 2009-ல் அமெரிக்காவில் மருந்துக் குறிப்பின் தலையிலேயே எச்சரிக்கைக் கட்டம் போட வைத்தார்கள்.

மற்றபடி மூன்று நான்கு மாதத்தில் நரம்பு முனைகள் தம் வேலைக்குத் திரும்பும். ஒரு நாள் சிரிக்கும்போது கண்ணோரத்தில் ஒரு கோடு லேசாக எட்டிப் பார்க்கும். அந்த வாரத்திலேயே காலை வீக்கமும் வடியத் தொடங்கியிருக்கும். அடுத்த ஊசிக்கு நேரம் வந்துவிட்டது என்று கிளினிக்கிலிருந்து போன் வருவதும் பெரும்பாலும் அந்த வாரம்தான்.